இருநூற்றுப் பதினான்கு நாள்

பெரம்பலூர் கோர்ட்டுக்கு எதிர்வரிசையில், ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில், ஒரு மேஜையும் ஒரு நாற்காலியும் ஒரு கம்ப்யூட்டரும் வைக்க எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவுதான் வெற்றிச்செல்வியின் ராஜ்ஜியம். பதினெட்டு வருஷமாக அங்கேதான் டைப் அடிக்கிறாள். சில வக்கீல்களின் கையெழுத்தை எழுதிய வக்கீலாலேயே மறுநாள் படிக்க முடியாது, இவள் படித்துவிடுவாள். "சார், மூணாவது பாராவுல நம்ம கட்சிக்காரரையே எதிராளின்னு எழுதியிருந்தீங்க, மாத்திட்டேன்" என்று சொல்லி, அவர்கள் நெளிவதைப் பார்த்தும் பாராததுபோல் பிரின்ட் எடுத்துக் கொடுப்பாள். கெட்டிக்காரி. தான் கெட்டிக்காரி என்பது அவளுக்கும் தெரியும், அதில்தான் வந்தது வினை.

ஏலாக்குறிச்சிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். அப்பா அய்யம்பெருமாள், அம்மா செங்கமலம், இரண்டு பேரும் அடுத்தவர் வயலில் நட்டு, களை பறித்து, அறுத்துப் பிழைத்தவர்கள். சொந்தமென்று ஒரு சாண் நிலம் கிடையாது. ஆனாலும் ஒற்றை மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்து, அரியலூருக்கு பஸ் ஏற்றிவிட்டு டைப்ரைட்டிங்கும் கற்க வைத்தார்கள். பெரம்பலூரில் மினிபஸ் ஓட்டும் மணிவண்ணனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். கல்யாணமான மறு மாதமே அந்த மேஜையில் வந்து உட்கார்ந்தவள்தான்.

வந்த புதிதில் அவளை மிகவும் படுத்திய ஒரு சொல் உண்டு. கண்டோன். கோர்ட்டில் எதற்கும் ஒரு கெடு உண்டல்லவா? முப்பது நாளுக்குள் மனுப் போடு என்றால் முப்பதுக்குள் போட வேண்டும். முப்பத்தோராவது நாள் போனால் கதவு சாத்தியிருக்கும். சாத்திய கதவைத் தட்டுவதற்குத் தனியாக ஒரு மனு இருக்கிறது. 'டு கண்டோன் த டிலே' என்று தலைப்பில் போட்டு, எத்தனை நாள் தாமதம் என்று எண்ணிச் சொல்லி, ஏன் வரவில்லை என்பதற்குக் காரணமும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாளுக்கும் காரணம் கேட்பார்கள். தமிழில் 'தாமதத்தை மன்னித்து' என்று எழுதுவார்கள். வெற்றிச்செல்விக்கு அந்த மன்னிப்பு என்ற வார்த்தை போதவில்லை. பழைய அகராதி ஒன்றைப் புரட்டிப் பார்த்தாள். நடந்தது தப்பில்லை என்று அந்த வினைச்சொல் சொல்வதில்லை. தப்பைத் துடைத்து எடுப்பதும் இல்லை. தப்பு தப்பாகவே காகிதத்தில் இருக்கும். அதை எண்ணிப் பார்த்து, தெரிந்தே பொறுத்துக்கொண்டு, 'சரி, உள்ளே வா' என்று கதவைத் திறந்துவிடுவது. சட்டத்தில் இப்படியும் ஒரு வார்த்தையா என்று அன்றைக்கு அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். நாலு வருஷம் போவதற்குள் அந்த வார்த்தையும் புளித்துவிட்டது. ஏனென்றால் காரணம் என்று வருவதெல்லாம் ஒரே காரணம். மஞ்சள் காமாலை. கெடு தப்பிய அத்தனை பேருக்கும் மஞ்சள் காமாலை. நாட்டு வைத்தியம் பார்த்தார், படுத்த படுக்கையாக இருந்தார், வேண்டுமென்றே செய்ததல்ல. பேரையும் நாள் கணக்கையும் மட்டும் மாற்றினால் மனு தயார். "இந்த ஜில்லாவுல பாதி சனத்துக்கு கோர்ட்டாலதான் காமாலை வருது" என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிச் சிரிப்பாள். கெடு என்பது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லாமல் போய்விட்டது. போனால் என்ன, கண்டோன் போட்டுக்கொள்ளலாம்!

ஊருக்கெல்லாம் பலன் சொல்லுமாம் பல்லி, தான் மட்டும் கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. இவள் எப்படி விழுந்தாள் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அய்யம்பெருமாள் குடியிருக்கும் வீடு நாற்பது வருஷத்துக்கு முன்னால் அவர் கையால் கட்டியது. இடம் கொடுத்தவர் அவர் வேலை பார்த்த நிலத்தின் சொந்தக்காரர். "இந்த மூலையில வூடு கட்டிக்கடா" என்று வாயால் கொடுத்தார். பத்திரமும் இல்லை, பட்டாவும் இல்லை. அவர் போன பிறகு நிலம் அவருடைய மருமகள் அமலோற்பவமேரி பேருக்கு வந்தது. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், அதே ஊர்க்காரர், ஞாயிறு தவறாமல் ஏலாக்குறிச்சி மாதா கோவிலுக்குப் பூசைக்குப் போகிறவர். பிள்ளைகளுக்குப் பாகம் பிரிக்க சர்வேயரை வைத்து அளந்தபோது, அய்யம்பெருமாளின் வீடு அவர் பட்டாவுக்குள் வந்தது. வெளிநாட்டிலிருக்கும் மகன் "கேஸ் போடும்மா" என்றான். போட்டார். இடத்தைக் காலி செய்து கொடுக்க வேண்டும் என்று அரியலூர் கோர்ட்டிலிருந்து அய்யம்பெருமாளுக்குச் சம்மன் வந்தது.

சம்மனில் போட்டிருந்த தேதி சித்திரை மாதத்தில் ஒரு புதன்கிழமை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். அய்யம்பெருமாள் வருஷா வருஷம் தீச்சட்டி எடுக்கிறவர். கையில் காப்புக் கட்டினால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. அந்த ஊரில் யாரும் தாண்டியதில்லை. கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி எதுவானாலும் எல்லைக் கல்லோடு சரி. மனிதர் கொஞ்சம்கூடக் கவலைப்படவில்லை. ஆத்தா காரியம் என்றால் ஜட்ஜும் புரிந்துகொள்வார், அவர் வீட்டிலும் குலதெய்வம் இருக்காதா என்று நினைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் போனில்கூடச் சொல்லவில்லை.

ஜட்ஜுக்கு எப்படித் தெரியும்? புதன்கிழமை கோர்ட் டவாலி மூன்று தடவை "அய்யம்பெருமாள், அய்யம்பெருமாள், அய்யம்பெருமாள்" என்று கூப்பிட்டார். ஆள் இல்லை. எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது. அதாவது, எதிர்த்துச் சொல்ல ஆளில்லாமல் ஒருதலையாக வழக்கு நடக்கும். வைகாசி மாதம் தீர்ப்பும் ஆனது: வீட்டைக் காலி செய்து இடத்தை ஒப்படைக்க வேண்டும்.

தீர்ப்புக் கேள்விப்பட்ட அன்றே அய்யம்பெருமாள் காகிதங்களை ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு பெரம்பலூர் வந்துவிட்டார். ஒருதலைத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டு மனுப் போடக் கெடு முப்பது நாள். இருபத்தெட்டு நாள் மிச்சம் இருந்தது. "பாப்பா, இது ஒனக்குத்தான் புரியும்" என்று மேஜைமேல் வைத்தார்.

"இதுக்காப்பா இப்படி வேர்த்து விறுவிறுத்து ஓடியார? நான் பாத்துக்கறேன். நீ போய் நிம்மதியா படு."

அவர் நிம்மதியாகப் போய்ப் படுத்தார். அதுதான் அவர் செய்த தப்பு. வழக்கு இருப்பது அரியலூரில். அங்கே ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒருநாள் மேஜையை மூட வேண்டும். இந்த வாரம் வேலை குவிந்திருக்கிறது, அடுத்த வாரம் போகலாம். அடுத்த வாரம் மகள் இலக்கியாவுக்குப் பள்ளிக்கூடச் சேர்க்கை. அதற்கடுத்த வாரம் மழை. கெடு முடிந்த அன்று அவளுக்கு நினைவு வரத்தான் செய்தது. 'போகட்டும், கண்டோன் இருக்கே' என்று நினைத்துக்கொண்டு யாரோ ஒருவரின் காமாலைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

தீபாவளிக்கு அய்யம்பெருமாள் வந்திருந்தார். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "பாப்பா, அந்த மனு?" என்றார். மணிவண்ணன் பக்கத்திலேயே நின்றான். இன்னும் போடவில்லை என்று புருஷன் எதிரே சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"போட்டாச்சுப்பா. கோர்ட்டுல நம்பர் போட்டிருப்பாங்க."

சொல்லிவிட்டு, திங்கள்கிழமையே போய்ப் போட்டுவிட வேண்டும் என்று மனதுக்குள் சத்தியம் செய்தாள். எத்தனை திங்கள் வந்தது, எத்தனை திங்கள் போனது! பொய் சொன்ன பிறகு அந்தப் பையைத் திறந்து பார்க்கவே அவளுக்குக் கூச்சமாகப் போயிற்று. அலமாரியின் அடித்தட்டில் சேலைகளுக்குக் கீழே தள்ளிவிட்டாள்.

தை பிறந்து பதினைந்து நாள் ஆனபோது கோர்ட் அமீனா அய்யம்பெருமாளின் வீட்டு வாசலில் வந்து நின்றார். வீட்டை ஒப்படைக்கச் சொல்லும் நோட்டீஸ். அய்யம்பெருமாள் அவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, "எம்மவ மனு போட்டிருக்காளே சார்" என்றார். அமீனா பாவம், நல்ல மனிதர். "பெரியவரே, அப்படி எந்த மனுவும் இந்தக் கேஸ்ல இல்லீங்களே" என்றார்.

அய்யம்பெருமாள் மகளுக்குப் போன் போட்டார். திட்டவில்லை. "பாப்பா, கோர்ட்டாளு வந்துட்டுப் போறாரு. அந்த மனு எங்கயோ தவறிப் போச்சு போலருக்கு. கொஞ்சம் என்னான்னு பாரேன்" என்றார். தவறிப் போச்சு போலிருக்கிறதாம்! அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். வெற்றிச்செல்வி போனை வைத்துவிட்டு, எதிரே ஆள் நிற்பதையும் மறந்து, கீபோர்டின்மேல் கவிழ்ந்து அழுதாள். நாற்பது வருஷ வீடு. மூன்று வருஷத்துக்கு முன்னால் அம்மா கண்ணை மூடியது அந்த வீட்டில்தான். எழுபது வயதில் அப்பாவை எங்கே கொண்டுபோய் வைப்பாள்? இவளுடைய ஒற்றை அறை வாடகை வீட்டுக்கு அவர் வந்து நாலு நாள் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அரியலூர். அப்பாவும் கிராமத்திலிருந்து வந்து சேர்ந்தார். வக்கீல் பேர் ராஜேஷ், இளைஞர், துடிப்பானவர். காகிதங்களைப் புரட்டினார். விரல் விட்டு எண்ணாமல் போனில் கணக்குப் போட்டார்.

"இன்னிக்குத் தாக்கல் பண்ணாலும் இருநூத்துப் பதினாலு நாள் டிலே. பரவால்ல, போடலாம். பெரியவருக்கு மஞ்சள் காமாலைன்னு போட்டுடுவோம். அக்காவுக்குத் தெரியாததா?"

அய்யம்பெருமாள் திடுக்கிட்டார். "எனக்கு எப்பங்க சார் காமாலை வந்துச்சு?"

"வரலங்க. ஒரு பேச்சுக்கு எழுதறது. எல்லாரும் எழுதறதுதான்."

"அப்படில்லாம் எழுத வேணாம் சார். ஆத்தாவுக்கு தீச்சட்டி எடுக்கற கையி. அந்தக் கையால பொய்யில கையெழுத்துப் போட்டா வெளங்குமா? காப்புக் கட்டியிருந்தேன், அதனால வரலன்னு உள்ளத எழுதுங்க."

ராஜேஷ் சிரித்துக்கொண்டார். "சரிங்க பெரியவரே, காப்புன்னே எழுதறேன். ஆனா அது அந்தப் புதன்கிழமைக்குத்தான் ஆகும். தீர்ப்புக்கு அப்புறம் இருநூத்திச் சொச்சம் நாள் இருக்கே, அதுக்கு என்ன காரணம் சொல்ல?"

அய்யம்பெருமாள் மகளைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தது. அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், மறுபடி தோளில் போட்டார்.

"அதுக்கு... அந்தக் காமாலையவே போட்டுக்கங்க சார்."

ராஜேஷுக்கு ஒன்றும் புரியவில்லை. இப்போதுதானே பெரியவர் ஆத்தா மேல் ஆணையாகப் பொய் வேண்டாம் என்றார்! வெற்றிச்செல்விக்குப் புரிந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு பொய் சொல்ல மாட்டேன் என்றவர், மகளைக் காப்பாற்றத் தீச்சட்டி எடுத்த கையையே நீட்டுகிறார்.

"சார், எந்திரிங்க. நானே அடிக்கறேன்" என்று ராஜேஷின் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் அடித்தாள். அதுவரைக்கும் எத்தனையோ ஆயிரம் பக்கம் அடித்திருப்பாள். இந்த இரண்டு பக்கத்துக்கு அவள் விரல் தடுமாறியதுபோல் எதற்கும் தடுமாறியதில்லை. பிரின்ட் எடுத்து, அப்பாவின் எதிரில் நின்றுகொண்டே படித்தாள். காப்புக் கட்டியிருந்ததால் ஊர் எல்லையைத் தாண்டவில்லை. தீர்ப்புத் தெரிந்ததும் கெடுவுக்குள் என் மகள் வெற்றிச்செல்வியிடம் காகிதங்களைக் கொடுத்தேன். அவள் பெரம்பலூரில் கோர்ட் எதிரே தட்டச்சு செய்பவள். சட்ட நடைமுறை தெரிந்தவள் என்பதால் நம்பினேன். அவள் அசட்டையாக இருந்துவிட்டாள். தீபாவளியன்று கேட்டபோது மனுப் போட்டாகிவிட்டது என்று என்னிடம் பொய் சொன்னாள். அமீனா வந்த பிறகே எனக்கு உண்மை தெரிந்தது.

"அத எடு பாப்பா" என்றார் அய்யம்பெருமாள்.

"எடுக்க மாட்டேன்."

"ஊரு சிரிக்கும். ஒம்பொழப்பு என்னாவறது?"

ராஜேஷும் தயங்கினார். "அக்கா, இதுல ரெண்டு சிக்கல் இருக்கு. ஒண்ணு, நம்ம பக்கத்து அசட்டைன்னு நாமளே ஒத்துக்கிட்டா, அது போதிய காரணமில்லன்னு மனுவத் தள்ளவும் செய்யலாம். தள்ளினா வூடு போச்சு. இன்னொண்ணு, இது பெரம்பலூர் வரைக்கும் பரவும். நாளைக்கு எவன் ஒங்கள நம்பி ஒரு கெடு மனுவ டைப் பண்ணக் குடுப்பான்?"

"தெரியும் சார். ஆனா பதினெட்டு வருஷமா ஊராருக்கெல்லாம் நோவு எழுதிட்டேன். எங்கப்பாவுக்கும் எழுத என் கை வரல. அவரு கட்டுன வூடு பொய்யில நிக்க வேணாம்." பிறகு அப்பாவைப் பார்த்தாள். "வூடு ஒன்னோடதுப்பா. தோத்தா போறதும் ஒன்னோடதுதான். நீ வேணாம்னா இப்பவே கிழிச்சிடறேன்."

அய்யம்பெருமாள் பேனாவை வாங்கினார். பிறகு எழுத்துக்கு எழுத்து நிறுத்தித் தன் பேரை எழுதினார்.

எதிர்த்தரப்பும் சும்மா இருக்கவில்லை. டீச்சரின் வக்கீல் வழக்கமான பதிலைத் தாக்கல் செய்தார்: ஒவ்வொரு நாளுக்கும் காரணம் சொல்லப்படவில்லை, மனுவைத் தள்ள வேண்டும். பங்குனியில் விசாரணை. வெற்றிச்செல்வி மேஜையை மூடிவிட்டுப் போனாள். எத்தனை தடவை கோர்ட் வளாகத்துக்குள் போய் வந்திருக்கிறாள்! கட்சிக்காரராக உள்ளே நிற்பது இதுவே முதல் தடவை. எதிர்ப் பக்கத்துப் பெஞ்சில் அமலோற்பவமேரி, வெள்ளைச் சேலையில், மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

நீதிபதி ஒரு அம்மாள். நடுத்தர வயது. மனுவை ஒரு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"இது யார் டைப் பண்ணது?"

வெற்றிச்செல்வி எழுந்தாள். "நாந்தாங்கம்மா. நாந்தான் அந்த மக."

கோர்ட்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. நீதிபதி அவளையே பார்த்தார். "கெடுன்னா என்னன்னு தெரியாத ஆளு இல்ல நீங்க."

"தெரியுங்கம்மா. தெரிஞ்சதுனாலதான் அசால்ட்டா இருந்துட்டேன். எங்கப்பா மேல ஒரு தப்பும் இல்லீங்க."

"காப்புக் கட்டினா கோர்ட்டுக்கு வரக்கூடாதுன்னு எதுல எழுதியிருக்கு?" என்று டீச்சரின் வக்கீல் எழுந்தார். "இதெல்லாம் பிறகு ஜோடிச்ச கதை. அன்னைக்கு இவர் காப்புக் கட்டியிருந்தார்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

ஆதாரத்துக்கு எங்கே போவது? காப்புக்கு யாராவது ரசீது கொடுப்பார்களா? ராஜேஷ் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் எதிர்ப் பெஞ்சிலிருந்து அமலோற்பவமேரி எழுந்து நின்றார். அவருடைய வக்கீல் கையை அமர்த்தி உட்காரச் சொன்னார். டீச்சர் உட்காரவில்லை.

"அம்மா, நான் பேசலாமா?"

"சொல்லுங்க."

"அவர் காப்புக் கட்டியிருந்தது உண்மைங்க. செவ்வாக்கிழமை சாயங்காலம் மஞ்சத் துணி கட்டிக்கிட்டு எங்க வூட்டு வாசல்ல வந்து மடிப்பிச்சை கேட்டார். கேஸ் போட்ட வூடுன்னு பாக்கல. நானும் ஒரு படி அரிசி போட்டேன். கையில காப்பப் பாத்தேன். மறுநாள் இதே பெஞ்சிலதாங்க உக்காந்திருந்தேன். மூணு தடவ அவரு பேரக் கூப்பிட்டாங்க. ஏன் வரலன்னு இங்க இருந்தவங்கள்ல எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும்." டீச்சர் கைப்பையைப் பெஞ்சில் வைத்தார். "நான் வாயத் தொறக்கல. கேட்டா சொல்லியிருப்பேன், யாரும் கேக்கலன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஒரு வருஷமா பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர் முன்னால முட்டிபோடறப்பல்லாம் அது தொண்டையில வந்து நிக்குதும்மா. இவரு மனுவுல காமாலை கீமாலைன்னு ஏதாவது எழுதியிருந்தா, பொய்தானேன்னு நானும் கம்முனு இருந்திருப்பேன். அந்தப் பொண்ணு தன்னையே எழுதியிருக்கு. அதப் படிச்சதுக்கப்புறம் என்னால உக்காந்திருக்க முடியல. இந்த மனுவ அனுமதிக்கறதுல எனக்கு ஆட்சேபணை இல்லீங்க. கேஸ நேருக்கு நேரா நடத்திக்கறோம்."

டீச்சரின் வக்கீல் கட்டை மூடி வைத்துவிட்டு, தன்னையறியாமல் தலையை ஆட்டினார். வெற்றிச்செல்விக்குக் கண் மறைத்தது. எந்த அம்மாளை இத்தனை மாதமாக மனதுக்குள் சபித்துக்கொண்டிருந்தாளோ, அந்த அம்மாளை இப்போது ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

நீதிபதி எழுதினார். தலை நிமிராமலே இரண்டு வரி உத்தரவைச் சொன்னார்: தாமதம் மன்னிக்கப்படுகிறது, மனு அனுமதிக்கப்படுகிறது. பிறகு அய்யம்பெருமாளைப் பார்த்து, "பெரியவரே, இனிமே காப்புக் கட்டினா வக்கீல்கிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க. கோர்ட்டுக்கு ஊர்த் திருவிழா தெரியாது" என்றார். அய்யம்பெருமாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார்.

வெளியே வராந்தாவில் அமலோற்பவமேரி நின்றிருந்தார். வெற்றிச்செல்வி அருகே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "டீச்சர்... நீங்க நல்லாருக்கணும் டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது.

அய்யம்பெருமாள்தான் சகஜமாகப் பேசினார். "நீங்க போட்ட அரிசியிலயுந்தான் டீச்சரம்மா ஆத்தாளுக்குப் பொங்க வச்சேன். இந்த வருசமும் வருவேன். படி கொறையக் கூடாது."

டீச்சர் அழுகையோடு சிரித்துவிட்டார். "வாய்யா. குமிச்சு அள்ளிப் போடறேன்" என்றார்.

வழக்கு முடிந்துவிடவில்லை. இனிமேல்தான் நடக்க வேண்டும். சமரசம் பேசலாமா என்று டீச்சர் தன் மகனிடம் போனில் கேட்டிருப்பதாக ஒரு பேச்சு ஊரில் அடிபடுகிறது. ஆகும், ஆகாது, யார் கண்டது? ஆனால் அமீனா இனி வரமாட்டார். வீட்டில் அடுப்பு எரிகிறது. பெரம்பலூரில் ஒரு வாரம் அவள் மேஜைக்கு ஆள் வரத்து குறைந்தது உண்மை. இரண்டு வக்கீல்கள் ஜாடையாகக் கேலியும் பேசினார்கள். மூன்றாவது வக்கீல், நரைத்த மனிதர், ஒரு கெடு மனுவைக் கொண்டுவந்து வைத்து, "நீங்களே அடிங்கம்மா. இனி நீங்க ஒரு நாள்கூடத் தவற விடமாட்டீங்க" என்றார். அந்த மனிதருக்கு வெற்றிச்செல்வி இன்றுவரை மனதுக்குள் கும்பிடு போடுகிறாள்.

உத்தரவின் நகல் கைக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனாள். ஆற்றுக் கெண்டை வாங்கிக் குழம்பு வைத்து, அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்து நகலைப் படித்தாள். இங்கிலீஷ். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். அந்த வினைச்சொல் வந்த இடத்தில் நின்றுவிட்டாள். ஆயிரம் தடவை அடித்த சொல். அப்பாவுக்கு இப்போதுதான் முதல் தடவையாக அர்த்தம் சொல்கிறாள்.

"நடந்தது தப்புத்தான்னு தெரியும், ஆனாலும் பொறுத்துக்கறோம்னு அர்த்தம்ப்பா. நான் பாக்காம விட்ட இருநூத்துப் பதினாலு நாளையும் எண்ணி எழுதி, பொறுத்துக்கிட்டதா போட்டிருக்காங்க." நகலை அவர் பக்கம் நீட்டினாள். "நீ ஒரு வார்த்த திட்டலியேப்பா. திட்டியிருக்கலாம்ல?"

அய்யம்பெருமாள் மீன் முள்ளை ஒதுக்கி வைத்துவிட்டு நகலைக் கையில் வாங்கினார். படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"ஒங்கம்மா மூணு மாசம் ஆஸ்பத்திரில கெடந்தாளே, தெனமும் பெரம்பலூர்லேர்ந்து சோறு கொண்டாந்தியே, அது இதுல எங்க எழுதியிருக்கு?"

"அது எழுத மாட்டாங்கப்பா."

"எனக்குக் கண்ணு ஆபரேசனு பண்ணி, இங்கயே வந்து தங்கிப் பாத்துக்கிட்டியே, அது?"

"இல்லப்பா."

"நீ பாத்துக்கிட்டதுல ஒரு நாளக்கூட எழுதலியா?" என்று கேட்டு, நகலை மடித்து அவள் கையிலேயே கொடுத்தார். "அப்பறம் எதப் பாத்து நான் திட்டறது? போ, நீயும் ஒரு தட்டெடுத்துப் போட்டுச் சாப்புடு. கொழம்பு ஆறுது."